நுண்கடன் கொள்கையும் தோட்டத் தமிழர் வறுமையும்: லாபுவை முன்வைத்து ஒரு மதிப்பீடு

முன்னுரை

வறுமை ஒழிப்பைக் குறித்துக் கடந்த அரை நூற்றாண்டில் எழுந்த கொள்கைகளுள் நுண்கடன் கொள்கையைப் போல் விரைந்து பரவியவை மிகச் சிலவே எனலாம். ஈடு ஏதும் கேளாமல் சிறுதொகை ஒன்றைக் கடனாகத் தந்தால், வறியவர் அதனை முதலாகக் கொண்டு சிறுதொழில் தொடங்குவர். அத்தொழிலின் வருவாய் கடனையும் அடைக்கும், வறுமையையும் அகற்றும் என்பது இக்கொள்கையின் சாரம். 1976ஆம் ஆண்டு வங்காளதேசத்தின் ஜோப்ரா சிற்றூரில் பொருளியல் பேராசிரியர் முகம்மது யூனுஸ் 42 பேருக்குத் தம் கையிலிருந்து 27 டாலர் கொடுத்ததிலிருந்து இதன் வரலாறு சொல்லப்படுகின்றது. 1983இல் கிராமின் வங்கி முறைப்படி வங்கியாயிற்று. 2006இல் யூனுசும் அவ்வங்கியும் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இக்கொள்கையை மலேசியத் தமிழரின் தோட்ட வாழ்க்கையோடு பொருத்தி மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதற்குரிய களமாக நெகிரி செம்பிலான் மாநிலத்தின் சிரம்பான் மாவட்டத்தைச் சேர்ந்த லாபு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம், மேம்பாட்டுக்குக் காத்திருக்கும் நிலம் என்னும் மூன்று நிலைகளையும் ஒரே முக்கிமுக்குள் காணத்தக்க ஊர் அது. நுண்கடன் நல்லதா தீயதா என்று பொதுப்படத் தீர்ப்புச் சொல்வது நம் நோக்கமன்று. அக்கடன் பயன்தர வேண்டுமாயின் கடன் வாங்குவோரிடம் முன்னரே எவை இருத்தல் வேண்டும், அவை தோட்டத் தமிழரிடம் இருந்தனவா என்பனவே நாம் எழுப்பும் வினாக்கள்.

கொள்கையின் எடுகோள்கள்

வறியவர் ஒவ்வொருவரும் இயல்பிலேயே தொழில்முனைவோர். அவருக்கு இல்லாதது முதல் ஒன்றே. ஆகவே கடன் பெறுவது மனித உரிமை என்பது யூனுஸ் தம் நூல்களிலும் உரைகளிலும் வலியுறுத்திவரும் கருத்து. ஏழையைச் சோம்பேறி என்றும் நாணயமற்றவர் என்றும் கருதிய வங்கிகளின் எண்ணத்தை இக்கருத்து உடைத்தது. ஈடில்லாக் கடனை ஏழைப் பெண்கள் ஒழுங்காகத் திருப்பிச் செலுத்துவர் என்பதை நடைமுறையில் மெய்ப்பித்தது. இவ்விரு பங்களிப்புகளையும் மறுப்பார் இலர்.

எனினும், இக்கருத்தினுள் சொல்லப்படாத எடுகோள்கள் நான்கு அடங்கியுள்ளன. முதலாவது நேரம்: கடன் பெறுபவருக்குத் தொழில் செய்யத் தக்க ஓய்வு நேரம் உண்டு. இரண்டாவது இடம்: கோழி வளர்க்கவோ, அடுப்பு வைக்கவோ, தையல் எந்திரம் போடவோ அவருக்கென்று ஓரிடம் உண்டு. மூன்றாவது சந்தை: அவர் செய்யும் பொருளை வாங்க அவரைப் போன்ற நிலையில் இல்லாத மக்களும் அருகில் உளர். நான்காவது பணவோட்டம்: கடன் வாங்கிய மறுவாரத்திலிருந்தே தவணை கட்டுமளவுக்குப் பணம் கைக்கு வந்துகொண்டிருக்கும்.

வங்காளச் சிற்றூரில் இந்நான்கும் குறைந்த அளவிலேனும் இருந்தன. குடிசையேயாயினும் அது அக்குடும்பத்தின் இடம். முற்றமும் மரத்தடியும் குளக்கரையும் வாரச்சந்தையும் இருந்தன. ஜோப்ராவில் மூங்கில் முக்காலி முடைந்த பெண்ணுக்குத் தொழில் தெரியும், வாங்குவோர் உண்டு. மூங்கில் வாங்கும் காசு மட்டுமே இல்லை. முதல் ஒன்றே குறையாக இருந்த இடத்தில் முதல் மருந்தாயிற்று. குறை வேறாக உள்ள இடத்திலும் அதே மருந்து பலிக்குமா என்பதை ஆராய்தல் வேண்டும்.

லாபுவின் தோட்ட அமைப்பு

நீலாய்க்கும் சிரம்பானுக்கும் இடையே இரயில் பாதையை ஒட்டி அமைந்த ஊர் லாபு. அதனைச் சுற்றிலும் ஆங்கிலேயர் காலந்தொட்டு ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. தோட்டத்தின் பெயர்கள் இன்றும் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் தங்கியுள்ளன. லாபு தோட்டம் முதற்பிரிவுத் தமிழ்ப்பள்ளி, நான்காம் பிரிவுத் தமிழ்ப்பள்ளி, கிர்பி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்பன அவற்றுட் சில. ஒரு தோட்டம் பிரிவு பிரிவாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு பிரிவுக்கும் லயங்களும் கோயிலும் பள்ளியும் தனித்தனியே அமைந்திருந்த பழைய ஏற்பாட்டை இப்பெயர்கள் நினைவூட்டுகின்றன.

இந்த ஏற்பாட்டின் பொருளியல் தன்மை கருதத்தக்கது. தொழிலாளி குடியிருந்த வீடு நிறுவனத்தினுடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். வீட்டைச் சுற்றிய நிலமும் அங்ஙனமே. காய்கறி பயிரிட்டாலும் மாடு கட்டினாலும் அது நிருவாகத்தின் இசைவினால் நடந்ததேயன்றி உரிமையினால் நடந்ததன்று. மூன்று தலைமுறையாக ஒரே பிரிவில் வாழ்ந்த குடும்பத்துக்கும் அம்மண்ணில் ஓரடி கூடச் சொந்தமில்லை.

நேரமும் அவ்வாறே. பால்மரம் சீவும் வேலை விடியற்காலைப் பெரட்டில் தொடங்கி, பாலெடுத்து நிறுத்துக் கொடுக்கும்வரை நீண்டது. தோட்டத்தில் ஆணைப் போலவே பெண்ணும் கூலித் தொழிலாளி. கிராமின் வங்கி கடன் கொடுத்த பெண்களுட் பலர் வீட்டையொட்டித் தொழில் செய்யக்கூடியவர்கள். லாபுத் தோட்டப்பெண்ணோ விடியுமுன் மரக்காட்டுக்குச் சென்று, நண்பகலுக்குப்பின் வீடு திரும்பி, அதன்பின் சமையலும் பிள்ளைகளும் எனத் தொடர்ந்தவர். அவருடைய நாளில் கடன் முதலீட்டுக்கு எஞ்சிய மணி எது என்ற வினாவுக்கு விடை எளிதன்று.

சந்தை பற்றியும் ஒன்று கூறலாம். ஒரு பிரிவில் வாழ்ந்தோர் அனைவரும் ஒரே நாளில் ஒரே வகைச் சம்பளம் பெற்றனர். ரப்பர் விலை வீழ்ந்தாலும் மழை நீடித்தாலும் அனைவர் வருவாயும் ஒருங்கே குறைந்தது. அங்கே முறுக்குச் சுட்டு விற்பவரும் வாங்குபவரும் ஒரே நிலையினர். சம்பள நாளையடுத்த சில நாள்கள் விற்பனை நடக்கும். மாதக் கடைசியில் பொருள் கடனுக்குத்தான் போகும். ஆக, முன்னர்க் கூறிய நான்கு எடுகோள்களும் தோட்டத்தில் இல்லை. அவை தற்செயலாக இல்லாமற் போகவில்லை. கூலியுழைப்பு வேறெங்கும் செல்லாமல் தோட்டத்திலேயே தங்குவதற்காக அமைக்கப்பட்ட முறை அது என்பதைத் தோட்ட வரலாற்றாய்வுகள் காட்டியுள்ளன.

தோட்டத்தில் கடனும் தொழிலும்

நுண்கடன் வந்துதான் தோட்டத் தமிழர் கடனை அறிந்தனர் என்பதில்லை. கடன் அங்கே முன்பே இருந்தது; அது முதலாக இல்லாமல் உணவாக இருந்தது. தோட்டக் கடையில் மாதம் முழுவதும் பொருள் வாங்கி, சம்பளத்தன்று கணக்குத் தீர்ப்பது வழக்கம். மலேசியர் அனைவரும் அறிந்த 555 குறிப்புப் புத்தகம் அவ்வழக்கத்தின் சின்னம். சென்ற மாதப் பற்று முழுவதும் தீராமல் அடுத்த மாதத்துக்குச் செல்லும்போது, தொழிலாளியின் கூலி வருமுன்பே செலவாகிவிடுகின்றது. இத்தகைய குடும்பத்துக்குத் தொழிற்கடன் என்று ஆயிரம் வெள்ளி கொடுத்தால், அதன் பெரும்பகுதி முதலில் கடைக்கணக்கைத் தீர்க்கவே செல்லும். அதனைக் கடனாளியின் ஒழுக்கக்குறை என்று கொள்வது பொருந்தாது. அவர் நிலையில் அதுவே அறிவார்ந்த முடிவு.

கூட்டு என்னும் முறையும் தோட்டங்களில் வேரூன்றியிருந்தது. பத்துப்பேர் சேர்ந்து மாதம் நூறு வெள்ளி போட்டால், மாதத்துக்கொருவராக ஆயிரம் வெள்ளி எடுக்கலாம். தமிழ்நாட்டில் சீட்டு எனப்படுவதும் இதனோடு ஒத்ததே. திருமணம், காதணி விழா, பிள்ளையின் படிப்பு என்று ஒருங்கே பணம் வேண்டிய இடங்களில் இது கைகொடுத்தது. ஏமாற்றுகள் மிகுந்ததன் விளைவாக 1971ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தொழிலாக நடத்துவதைத் தடைசெய்தது. ஆங்கிலத்திலுள்ள அச்சட்டத்தின் பெயரிலும் கூட்டு என்னும் சொல் தமிழ்க் காதுக்குத் தெளிவாகக் கேட்கின்றது. ஒருவரையொருவர் நம்பிச் சேமிக்கும் பழக்கம் நம் மக்களிடம் இருந்தது. அப்பழக்கத்தைக் காக்கும் நிறுவனம் போதிய அளவு இல்லை என்பதே இதிலிருந்து பெறப்படும் செய்தி.

தொழில்முனைப்பும் இல்லாமல் இல்லை. மாடும் ஆடும் வளர்த்துப் பால் விற்ற குடும்பங்கள் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் மட்டுமன்றித் தீபகற்பம் முழுவதிலும் இருந்தன. பலர் பிள்ளைகளைப் படிக்கவைத்தது பால்மரப் பாலினால் மட்டுமன்று, பசுவின் பாலினாலும்தான். அத்தொழில் நின்றதற்குக் கடன் கிடைக்காமை முதற்காரணமன்று. மேய்ச்சல் நிலம் நிருவாகத்தினுடையது. நிலத்தின் பயன்பாடு மாறியபோது மாடுகளை அகற்றுமாறு கூறப்பட்டது. முதலும் திறனும் சந்தையும் இருந்தும் இடம் இல்லாமையால் அழிந்த சிறுதொழிலுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்தியார் அனுபவம்

மலேசியாவில் கிராமின் முறையை முதலில் கையாண்டது இக்தியார் திட்டமாகும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கிப்பன்சும் சுக்கோர் காசிமும் 1986இல் வடமேற்குச் சிலாங்கூரில் இதனைச் சோதனை முறையில் தொடங்கினர். 1987இல் அது அமானா இக்தியார் மலேசியா என்னும் அறக்கட்டளையாயிற்று. ஐந்து பெண்கள் கொண்ட குழு, குழுக்கள் கூடும் மையம், வாரத் தவணை, ஈடின்மை ஆகியவை கிராமின் முறையை ஒட்டியவை. அது பெற்ற திருப்பிச் செலுத்தும் விகிதம் உலக அளவில் பாராட்டப்பட்டது.

அதன் வெற்றியை நாம் மதிக்கின்றோம். அவ்வெற்றியின் களத்தையும் நோக்க வேண்டியவராகின்றோம். அதன் உறுப்பினருட் பெரும்பாலோர் மலாய்க் கம்பங்களைச் சேர்ந்த பூமிபுத்ரா பெண்கள். கம்பத்து வீடு எளியதாயினும் அதனைச் சுற்றித் தோப்பும் கோழிக்கூடும் உறவினரும் வாரச்சந்தையும் உண்டு. குடும்பத்துக்கோ உறவினருக்கோ நிலவுரிமை இருப்பது அங்கே அரிதன்று. லாபு முக்கிமுக்குள்ளேயே கம்பமும் தோட்டமும் அருகருகே இருந்தன; வருவாயில் இரண்டும் ஒத்திருந்திருக்கலாம். ஆயினும் காலூன்ற இடமுள்ள வறுமை வேறு. இடமில்லாத வறுமை வேறு.

வறியவரை அடையாளம் காண இக்தியார் வீட்டின் தோற்றத்தை ஓர் அளவுகோலாகக் கொண்டது. கூரை, சுவர், பரப்பு ஆகியன பார்க்கப்பட்டன. சிற்றூருக்கு இது நல்ல வழி. பொய் சொல்ல இடமில்லை. இதே அளவுகோலை லயத்து வீட்டின் முன் நிறுத்திப் பார்ப்போம். சட்டத்தின் வழி நிறுவனம் கட்டித் தந்த கல்வீடு, குழாய்த்தண்ணீர், மின்விளக்கு. அளவுகோலின்படி இக்குடும்பம் கொடிய வறுமையில் இல்லை. ஆனால் அவ்வீடு அக்குடும்பத்தின் சொத்தன்று. பணியோய்வு நாளன்று திருப்பிக் கொடுக்க வேண்டியது. அளவுகோல் கண்ணுக்குத் தெரியும் சுவரை அளந்தது; உரிமையின்மையை அளக்கவில்லை. இன ஒதுக்கீட்டுக் கொள்கை ஒருபுறமிருக்க, தோட்டத் தமிழரின் வறுமை திட்டங்களின் பார்வைக்கு அகப்படாமல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

நாட்டின் வறுமைக்கோடும் இத்தகைய மங்கலிலிருந்து விடுபட நாளாயிற்று. மாதம் 980 வெள்ளி என்றிருந்த குடும்ப வறுமைக்கோட்டை, ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019இல் கடுமையாகக் குறைகூறினார். 2020இல் அக்கோடு 2,208 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. கோடு உயர்ந்தபோது ஏழைகள் புதிதாக உருவாகவில்லை. முன்பே இருந்தவர்கள் கணக்கில் வந்தனர்.

பிறநாட்டு ஆய்வுகள் காட்டுவன

நுண்கடனின் விளைவை அளந்த ஆய்வுகள் இம்மதிப்பீட்டுக்குத் துணைநிற்கின்றன. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் ஐதராபாத்தில் 104 ஏழைக் குடியிருப்புகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் தேர்ந்த 52இல் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் கிளை திறக்க, இரு பகுதிகளையும் ஒப்பிட்டனர். 2015இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, முன்னரே தொழில் வைத்திருந்தோர் அதனை விரிவாக்கினர்; வீட்டுக்கு வேண்டிய நீடித்த பொருள்கள் வாங்குவதும் கூடிற்று. ஆயின் குடும்பங்களின் மொத்த நுகர்வு உயரவில்லை. கல்வி, உடல்நலம், பெண்களின் தீர்மானிக்கும் உரிமை ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க மாற்றமும் இல்லை. அவ்வாண்டில் இதனுடன் வெளிவந்த வேறு ஐந்து நாடுகளின் ஆய்வுகளும் ஏறத்தாழ இதே முடிவைத் தந்தன. கடன் கேடும் விளைக்கவில்லை; வாழ்வைத் திருப்பிப் போடவும் இல்லை.

கொல்கத்தாவில் நடந்த மற்றோர் ஆய்வு தவணை முறையைச் சோதித்தது. வழக்கமாக இரண்டு வாரத்தில் தொடங்கும் தவணையை இரண்டு மாதம் தள்ளிவைத்தபோது, கடன் பெற்றோர் தொழிலில் கூடுதலாக முதலிட்டனர். நாளடைவில் அவர்கள் வருவாயும் உயர்ந்தது. தவணை தவறியோர் எண்ணிக்கையும் உயர்ந்தது. உடனடித் தவணை நிறுவனத்துக்குப் பாதுகாப்பு. கடனாளிக்கோ அது விரைந்து காசாகும் சிறு வியாபாரத்துக்குள்ளேயே அவரை அடைத்துவைக்கும் வேலி. மாதச் சம்பளத்தில் வாழ்ந்து, வாரத் தவணை கட்ட வேண்டிய தோட்டத்துக் குடும்பத்துக்கு இவ்வேலி இன்னும் உயரமானது.

வறியோருள்ளும் வறியோருக்குக் கடன் ஏற்றதன்று என்பதை வங்காளதேசத்தின் பிராக் அமைப்பே முதலில் உணர்ந்து 2002இல் வேறு வழி கண்டது. பசு, ஆடு போன்ற சொத்தினை இலவசமாகக் கொடுத்தல், சிறிது காலம் உணவுச் செலவுக்கு உதவித்தொகை, பயிற்சி, வாரந்தோறும் வீடுதேடிச் செல்லும் வழிகாட்டி, சேமிப்புக் கணக்கு ஆகியன ஒருங்கிணைந்த திட்டம் அது. எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாக்கித்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் இத்திட்டம் சோதிக்கப்பட்டு, 2015இல் முடிவு வெளியாயிற்று. உதவி நின்று ஓராண்டு கடந்தும் அக்குடும்பங்களின் நுகர்வும் சொத்தும் ஒப்பீட்டுக் குடும்பங்களைவிட மேலாக இருந்தன. சொத்தும் உணவுறுதியும் முன்னே வர, தொழில் பின்னே வந்தது.

இவ்வரிசையை மறந்த இடங்களில் நேர்ந்தனவும் நாம் அறிந்தவையே. ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்கள் இலாபப் போட்டியில் ஒரே குடும்பத்துக்குக் கடன்மேல் கடன் கொடுத்தன. கெடுபிடி வசூலும் தற்கொலைகளும் பேசப்பட்ட நிலையில் 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போருக்குப்பின் பெண்கள் தலைமையேற்ற குடும்பங்கள் நுண்கடன் சுமையில் சிக்கின. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனுள் ஓர் இலட்சம் ரூபாய் வரை தள்ளுபடி செய்ய அந்நாட்டரசு முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

சேமிப்பும் நிலமும்: நம்மவர் கண்ட வழி

தோட்டத் தமிழருக்கு ஏற்ற வழியை வெளிநாட்டில் தேட வேண்டிய தேவை முழுவதுமாக இல்லை. மலாயாவில் கூட்டுறவுச் சட்டம் 1922இல் வந்தது. போருக்கு முன்பே தோட்டத் தொழிலாளரிடையே சிக்கனச் சங்கங்கள் தோன்றின. தாயகம் திரும்பும் நாளுக்கென்று சேமித்தவர்கள் அவர்கள். இங்கேயே வாழ்வு என்றான பின்னர்ச் சேமிப்பின் நோக்கமும் மாற வேண்டியிருந்தது.

அம்மாற்றத்தை உருவாக்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். ஐம்பதுகளில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது தொழிலாளர் வேலையையும் வீட்டையும் ஒருங்கே இழந்தனர். 1960இல் தொடங்கப்பெற்ற தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் இதற்கு மறுமொழியாக அமைந்தது. நூறு வெள்ளிப் பங்கினை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளி உறுப்பினராகலாம். அவ்வாறு சேர்ந்த பணத்தில் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. பின்னர் வேறு தோட்டங்களும் வாங்கப்பட்டன. மாதம் பத்து வெள்ளி மிகச் சிறிய தொகை. அத்தொகையைக் கடனாகக் கொடுப்பதற்கும் சேமிப்பாகப் பெறுவதற்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காணலாம். கடன் தொழிலாளியைத் தனியாளாக்கித் தவணை கேட்டது. சேமிப்பு பல்லாயிரவரை ஒன்றாக்கி நிலம் வாங்கிற்று.

இம்முயற்சிக்கும் எல்லை உண்டு. பங்குதாரராகிய தொழிலாளி அன்றாடத்தில் கூலியாளாகவே நீடித்தார். இலாப ஈவு கிடைத்தது. தோட்டம் எவ்வாறு நடத்தப்படவேண்டும் என்பதில் அவர் குரல் சிறிதே. சங்கம் வாங்காத தோட்டங்களில் வாழ்ந்தோர் பங்குச் சான்றிதழை வைத்துக்கொண்டே லயத்தைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது. ஆகவே கூட்டுரிமையோடு குடும்பத்துக்கென ஒரு மனையும் வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் படிப்பினை.

எழுபதுகளில் சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்த கோப்பராசி கிரெடிட் ராக்யாட் மற்றொரு வழியைக் காட்டிற்று. உறுப்பினர் முதலில் சேமிக்க வேண்டும். சேமிப்பின் அளவை ஒட்டியே கடன். கடன் கொடுப்பதா என்பதை முடிவு செய்வோரும் உறுப்பினரே. அங்கே பெற்ற கடன் பள்ளிச் செலவுக்கும் நோய்க்கும் போனாலும் அது தவறாகக் கருதப்படவில்லை. வட்டி முதலையிடம் வங்கி அட்டையை ஈடாகக் கொடுக்காமல் ஒரு குடும்பம் ஒரு மாதத்தைக் கடக்குமாயின் அதுவும் வறுமை ஒழிப்பே.

இன்றைய திட்டங்களும் லாபுவின் நிலையும்

1998இல் சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறந்தபின் லாபுவின் நிலம் பயிரைவிட மதிப்பில் உயர்ந்தது. 2009 சனவரியில் சைம் டார்பி நிலத்தில் ஏர் ஏசியாவுக்கென மலிவுக்கட்டண விமான முனையம் லாபுவில் கட்டப்படும் என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்புகளின் விளைவாக அம்மாத இறுதியிலேயே அத்திட்டம் கைவிடப்பட்டது. ஒரு வட்டாரத்தின் எதிர்காலம் ஒரே திங்களில் எழுதப்பட்டு அழிக்கப்பட்டது. அவ்வட்டாரத்தில் பிறர் நிலத்தில் உணவுக்கடை வைக்க ஐயாயிரம் வெள்ளி கடன் வாங்கும் பெண்ணின் தொழில்திட்டம் எத்துணை உறுதியாக இருக்க முடியும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கிடையில் செம்பனைக்கு மாறிய தோட்டங்களில் ஆள்தேவை குறைந்தது. அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். லயத்துப் பிள்ளைகள் நீலாய், செனவாங் தொழிற்சாலைகளுக்கும் சிரம்பானுக்கும் வேலைக்குச் சென்றனர். இயன்றோர் தாமான்களில் வீடு வாங்கினர், இயலாதோர் வாடகைக்குக் குடியேறினர். இத்தலைமுறையை நோக்கியே இன்றைய திட்டங்கள் வருகின்றன. 1998இல் தோன்றிய தெக்குன் நிறுவனத்தின்கீழ் இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கென ஸ்பூமி திட்டம் நடைபெறுகின்றது. 2024இல் அதன் விரிவாக 3 கோடி வெள்ளியும், அமானா இக்தியாரின் வழி இந்தியப் பெண்களுக்கென ‘பெண்’ என்னும் பெயரிலேயே 5 கோடி வெள்ளித் திட்டமும் அறிவிக்கப்பட்டன. இக்தியாரின் கதவு நம் பெண்களுக்கு இவ்வளவு அகலத் திறந்தது வரவேற்கத்தக்கது.

இவ்விரு திட்டங்களும் வேறுவேறு மக்களுக்குரியவை என்பதை மறத்தலாகாது. ஸ்பூமியின் விரிவாக்கத்தில் கடன் ஓர் இலட்சம் வெள்ளி வரை செல்கின்றது. அது முன்பே கடையும் கணக்கும் உள்ளவருக்கு உரியது. ஐதராபாத் ஆய்வு காட்டியவாறு பயனடையக் கூடியவரும் அவரே. அதனை வறுமை ஒழிப்பு என்னும் பெயரில் கணக்கிடுவது பொருந்தாது. தாமானில் சொந்த வீட்டில் தையலோ பலகாரமோ மாலைகட்டுவதோ செய்து வாங்குவோரைப் பெற்றிருக்கும் பெண்ணுக்குச் சிறுகடன் மெய்யாகவே உதவும். வாடகை வீட்டில், நிலையான வருவாயின்றி, பழைய கடனோடு வாழும் முன்னாள் தோட்டத் தொழிலாளிக்கு அதே கடன் மற்றொரு 555 புத்தகமாகிவிடும்.

முடிவுரை

நல்குரவு என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், அதனையடுத்து இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை வைத்தார். வறுமை ஒருவரைப் பிறர் கையை நோக்கச் செய்வதே அதன் பெருங்கொடுமை என்பது அவ்வைப்பு முறையால் விளங்கும். வறுமை ஒழிப்புத் திட்டம் எதனையும் இதனைக்கொண்டே அளக்கலாம்: திட்டம் முடிந்தபின் அம்மனிதர் பிறர் கையை நோக்கி நிற்பது குறைந்ததா?

மேற்கண்ட ஆய்வின்வழி நாம் பெறும் முடிவு இது. தோட்டத் தமிழரின் வறுமை முதலின்மையால் மட்டும் விளைந்ததன்று. இடமின்மையாலும் குறைகூலியாலும் விளைந்தது. ஆகவே அவர்க்குரிய உதவியின் வரிசை வீட்டுரிமை, போதிய ஊதியம், கூட்டுச் சேமிப்பு, அதன்பின் கடன் என்று அமைதல் வேண்டும். நுண்கடன் அவ்வரிசையின் இறுதியில் நிற்கும்போது பயன் தருகின்றது. முன்னே வைக்கப்படும்போது முதல் மூன்றும் கொடுக்கப்படாததை மறைக்கும் திரையாகிவிடுகின்றது. தொழிலில் தோற்றவர் தம்மையே குறைகூறிக்கொள்வார். அவருக்கு மனை தராதவரை எவரும் வினவமாட்டார்.

லாபுவிலும் அதுபோன்ற பிற முக்கிம்களிலும் இந்தியப் பெண்களுக்குக் கடன் வழங்கும் நிறுவனங்கள் மூன்று செய்திகளை விண்ணப்பத்திலேயே கேட்டறியலாம். கடை நிற்கப்போகும் இடம் யாருடையது? முன்பிருக்கும் கடன் எவ்வளவு? முதல் தவணை கட்டுமுன் தொழில் காசு தர எத்தனை மாதமாகும்? விடைகளின்படி சிலருக்குக் கடனும், சிலருக்குச் சேமிப்புக் கணக்கும், சிலருக்குக் கடன்தீர்க்கும் உதவியும், சிலருக்கு வீடும் தரப்பட வேண்டும். தமிழாசிரியர்களும் இதில் பங்கு கொள்ளலாம். தோட்டப்பெயர் தாங்கிய பள்ளிகளில் இன்று பயிலும் மாணவரின் பெற்றோர் எங்கே குடியிருக்கின்றனர், எவ்வாறு பிழைக்கின்றனர் என்பதை அப்பள்ளிகளின் ஆசிரியரைவிட நன்கறிந்தோர் இலர். அவ்வறிவு ஆய்வாகத் தொகுக்கப்பெறின், திட்டம் தீட்டுவோர்க்கு இன்று கிட்டாத சான்றாக அது அமையும்.